டிராயிங் மாஸ்டர் போட்ட ஆஸ்பரகஸ்

சார்,

இன்று காலை குளியலறையிலிருந்து வெளியே வந்தவுடன் உங்கள் ஞாபகம் வந்தது. ஒரு மடலை இப்படியா தொடங்குவது என்று சிரிப்பீர்கள். ஆனால் அந்த வாசனைதான் காரணம். முட்டைகோஸை வேகவைத்து, மூடி, மறந்துபோன பாத்திரத்தைத் திறந்தால் வருமே, அது போல. ராத்திரி ஆஸ்பரகஸ் பொரியல் சாப்பிட்டிருந்தேன். அதைச் சாப்பிட்டால் சிறுநீரில் இப்படி ஒரு வாசனை வரும், பயப்பட வேண்டாம் என்று உங்கள் மாடி அறையில் தங்கியிருந்த ஜெர்மன்காரர் விதைப் பொட்டலத்தைக் கொடுத்த அன்றே சொன்னார். நீங்கள் என் பக்கம் திரும்பி, "இன்னா சார் இது, மூணு வருசம் பயிர் பண்ணி, கடைசில பாத்ரூம்ல போய்தான் ரிசல்ட் பாக்கணுமா?" என்றீர்கள்.

அந்த ரிசல்ட்டை நான் பார்த்துவிட்டேன். நீங்கள் பார்க்கவில்லை. ஒரு தண்டுகூட வாயில் வைக்காமல் போய்விட்டீர்கள். அது விதி என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் அது எனக்கே சாதகமாகப் போய் முடிகிறது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

நாம் இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம், நான் அறிவியல், நீங்கள் ஓவியம். பணியில் சேர்ந்த நாளில் ஒருவரையொருவர் 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தது, ஓய்வு பெற்ற பிறகும் மாறவில்லை. உங்கள் வீடு செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பக்கம். மார்கழியிலிருந்து மாசி வரை மாடியில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குவார்கள். அந்த ஜெர்மன்காரர் தினமும் உங்கள் வீட்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, தன் ஊரில் வசந்த காலத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு வரும் தண்டைப் பற்றியே பேசுவார். நம் மலையில் முள்ளோடு படர்கிற தண்ணீர்விட்டான் கொடிக்குப் பங்காளிதான் அது, நாம் கிழங்கை எடுக்கிறோம், அவர்கள் குருத்தை வெட்டிச் சாப்பிடுகிறார்கள் என்று நான் விளக்கினேன். ஊருக்குத் திரும்புகிற அன்று அவர் பொட்டலத்தை நீட்டினார். அடுத்த முறை அவர் வரும்போது அவருக்கே சமைத்துப் போடப் போவதாக நீங்கள் சபதம் செய்தீர்கள். அவர் பிறகு வரவே இல்லை. அது வேறு.

விதைகள் மிளகை விடச் சிறியவை, கறுத்து வழவழவென்று இருந்தன. காபி டம்ளரில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்தீர்கள். பால் பாக்கெட்டுகளின் அடியில் ஓட்டை போட்டு, மணலும் மக்கிய சாணியும் கலந்த மண்ணை நிரப்பி, விரல் நகம் மறைகிற ஆழத்தில் ஒவ்வொன்றாக வைத்தீர்கள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வரிசையாக அடுக்கினீர்கள். அப்புறம் தொடங்கியது உங்கள் அவஸ்தை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. ஒரு நாள் நான் மாடி ஏறி வந்தபோது காம்பஸ் முனையால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தீர்கள்.

"சார், பரீட்சை எழுதிக்கினு இருக்கற பையன் பேப்பரைப் பிடுங்கி நடுவுல மார்க் போடுவீங்களா?" என்று நான் கேட்டேன்.

"மார்க் போடல சார். உள்ள ஆள் இருக்கானா இல்லியானு கதவைத் தட்டிப் பாக்கறேன்."

உங்கள் வீட்டம்மா துணி காயப்போட வந்தவர், "தட்டித் தட்டியே அவன் செத்துருப்பான்" என்றார்.

அந்த மாதக் கடைசியில் முளைத்தது. பச்சைத் தையல் நூலை யாரோ மண்ணில் குத்திவைத்த மாதிரி இருந்தது. நீங்கள் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தீர்கள். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. ஆனால் வாரம் போகப் போக அந்த நூல் பிரிந்து பிரிந்து, புகையைப் பச்சையில் வரைந்தது போல ஆயிற்று. "இதைத் தூரிகையால போட முடியாது சார், பஞ்சுல ஒத்தி எடுக்கணும்" என்று சொன்னது நினைவிருக்கிறது.

ஒரு வருடம் பாக்கெட்டுகளில் வளர்ந்தன. மறு தை மாதத்தில் தரையில் நட வேண்டும் என்றபோதுதான் உங்கள் வீட்டில் ஒரு கை மண்கூட இல்லை என்பது உறைத்தது. அறை மேல் அறையாகக் கட்டியாயிற்று. துளசிக்கே தொட்டிதான். கிரிவலப் பாதையிலிருந்து பிரிகிற சந்தில் என் வீடு, பின்னால் வேலி வரை செம்மண். இப்படித்தான் உங்கள் செடி என் இடத்துக்கு வந்தது.

நட்ட நாள் பௌர்ணமி. சாயங்காலம் சந்து வழியாகவும் ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நீங்கள் கரும்பலகையில் கோடு போடுகிற நீளக் கட்டையைக் கொண்டுவந்து சுண்ணாம்பால் கோடிழுத்தீர்கள். ஒரு சாணுக்கும் மேல் ஆழமாகப் பள்ளம் எடுத்தோம். சரளைக் கல் நிறைய வந்தது. பள்ளத்தின் நடுவில் எரு கலந்த மண்ணால் நீளமாக ஒரு சிறு வரப்பு. பாக்கெட்டைக் கிழித்து மண்ணை உதிர்த்தால், உள்ளே வெள்ளைக் கயிறுகள் போல வேர்க்கொத்து. குதிரை மேல் ஆளை உட்காரவைப்பது போல ஒவ்வொன்றையும் வரப்பின் மேல் வைத்து, வேர்களை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, விரல்களால் நீவிப் பிரித்தீர்கள். பொண்ணுக்குச் சடை பிரிப்பது போல என்று எனக்குத் தோன்றியது. மேலே கொஞ்சம்தான் மண் தள்ளினோம். குருத்து உயர உயரப் பள்ளத்தை நிரப்ப வேண்டும்.

வேலி ஓரம் நின்ற ஓர் அம்மா, "இன்னா ண்ணே, இவ்ளோ நீளமாத் தோண்றீங்க, பைப் லைனா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, சாப்பாடு. ரெண்டு வருசம் கழிச்சு."

"அதுவரிக்கும் பட்டினியா?" என்று கேட்டுவிட்டு அவர் நடையைக் கட்டினார். நீங்கள் பள்ளத்துக்குள் உட்கார்ந்தபடியே சிரித்தீர்கள்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் வந்தீர்கள். வெளியே போட்டுவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, வேலியில் மாட்டியிருக்கும் நீல ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, பாத்தி ஓரம் குந்தி உட்காருவீர்கள். தண்டின் பருமனை உங்கள் சாமான்களால்தான் அளப்பீர்கள். முதலில் 'ஊதுபத்திக் குச்சி'. பிறகு 'ரெண்டாம் நம்பர் தூரிகை'. தழை இடுப்பளவு வந்தபோது மாட வீதியில் மாலை கட்டுகிறவர் ஒருவர் வந்து, பூங்கொத்தில் ரோஜாவுக்குப் பின்னால் வைக்கிற பச்சை இதுதான் என்று நினைத்து, கல்யாண சீசனுக்கு மொத்தமாக அறுத்துக்கொள்ளட்டுமா என்றார். "இது மாப்ள கைல புடிக்கறது இல்லப்பா. வேருக்கு இதுதான் அடுப்பு. அறுத்துட்டா அது எதுல சமைக்கும்?" என்று அனுப்பிவைத்தீர்கள். நான் ஒரு பாட வேளை முழுக்கச் சொல்லியிருப்பேன், நீங்கள் ஓர் அடுப்பில் முடித்துவிட்டீர்கள்.

நீங்கள் போவதற்கு முந்தைய வாரம், முதன்முதலாகப் பருத்த குருத்து ஒன்று வந்தது. "எச்.பி. பென்சில் வந்துடுச்சு சார்!" என்று கத்தினீர்கள். ஒன்றுதானே, வெட்டித் தருகிறேன், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள் என்றேன். காம்பஸால் மண்ணைக் குடைந்த மனிதர், தலையை ஆட்டி, "வேணாம் சார். இந்த வருசம் அதுங்குளது" என்றீர்கள். அடுத்த வியாழக்கிழமை மத்தியானம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, டீ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறு பருவத்தில் நான்தான் தண்ணீரை நிறுத்திப் பாத்தியைக் காயப்போட்டேன், மஞ்சளான தழையை அறுத்தேன், எரு போட்டு மறுபடி தண்ணீர் விட்டேன். பத்து நாளைக்குள் பாத்தி நெடுகக் குருத்து. காலையில் வெட்டாவிட்டால் வெயிலில் நுனி பிரிந்துவிடும். அவ்வளவையும் நானும் என் மனைவியும் மட்டும் சாப்பிட முடியாது. ஆசிரமத்துப் பக்கம் உணவகம் வைத்திருப்பவருக்குக் கொடுத்தேன். அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல, பார்க்க ஆட்கள் வந்தார்கள். கடைசியில் வேலூரிலிருந்து ஒரு பெண்மணி, தோட்டங்களைப் படம்பிடித்து இணையத்தில் போடுகிறவர், வந்தார். நான் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன்.

"சார், இவ்ளோ வெயில்ல ஆஸ்பரகஸா! விதையிலருந்து நீங்களேவா கொண்டுவந்தீங்க?"

"ஆமாம்மா" என்றேன்.

அந்த 'ஆமாம்மா'வுக்குப் பிறகு எல்லாம் சரசரவென்று வந்தது. நான் ஊறவைத்தேன். நான் பால் பாக்கெட்டில் மண் நிரப்பினேன். வேருக்கு இலைதான் அடுப்பு என்று, உங்கள் உதாரணத்தையும் என்னுடையது போலச் சொன்னேன். அந்த அம்மா, "எவ்ளோ அழகா சொல்றீங்க!" என்றார். உங்களை மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன் சார். பேசும்போது நீங்கள் மனதில் இருந்தீர்கள். உங்களைச் சொன்னால் கதை நீளும், படம் பிடிப்பவர் சலித்துவிடுவார் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால்கூட இவ்வளவு கூச்சமாக இருக்காது.

ஒரு முறை அறிவியல் கண்காட்சியில் இரண்டு பெண்கள் சேர்ந்து பலூனில் நுரையீரல் செய்தார்கள். கண்காட்சி அன்று ஒருத்திக்குக் காய்ச்சல், வரவில்லை. வந்தவள் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'நாங்க' என்றே சொன்னாள். ஒரு தடவைகூட நழுவவில்லை. அன்று மாலை வகுப்பில் அவளைத்தான் நான் உதாரணமாகச் சொன்னேன். நான் வாங்கிக் கொடுத்த சாக்லேட்கூட நினைவிருக்கிறது. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு முடிந்தது எனக்கு முடியவில்லை.

வீடியோ வந்த அன்று என் மனைவி முழுவதும் பார்த்துவிட்டு, "இன்னா, அவரு பேச்சே வரல?" என்று கேட்டாள்.

"சொன்னேன். அவங்க வெட்டிட்டாங்க போல."

அவள் போனை என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பத்து நாள் கழித்து உங்கள் வீட்டம்மா வந்தார். நேராக அடுப்படி வரை வந்து உட்காருகிறவர், அன்று கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். கையில் ஒயர் கூடை.

"ண்ணா, உங்க தோட்டத்துத் தண்டு கொஞ்சம் கிடைக்குமா? நாளைக்கு அவருக்கு வருசத் திதி. ஒரு வாட்டியாவது துன்னு பாக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாரு. படையல்ல வெச்சிட்டா மனசு ஆறும். அப்பால நான் பொண்ணு வூட்டுக்கு ஓசூருக்கே போயிடறேன். ஜாஸ்தி வேணாம், நாலு இருந்தா போதும்."

உங்க தோட்டம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை. நிஜமாகவே கேட்டுத்தான் நின்றார், பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்பது போல. நீங்கள் விதைத்ததை உங்கள் படையலுக்கு வைக்க, உங்கள் மனைவி என் கேட்டில் கை நீட்டி நிற்கிறார்.

"வீடியோ பாத்தீங்களாம்மா?" என்றேன்.

"பாத்தேண்ணா. பொண்ணு அனுப்பிச்சா. நல்லாப் பேசுனீங்க." கூடையைக் கை மாற்றிக்கொண்டார். "நீங்க அந்தக் கடைசி மூலைல நின்னு பேசறப்ப, பின்னாடி வேலில அவரு செருப்பு தெரிஞ்சுது. நீலச் செருப்பு. அதுக்காவே திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன்."

நான் கேட்டைத் திறந்தேன். திறக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். "அம்மா, இது என் தோட்டம் இல்ல. அவர் போட்டது. நான் அன்னிக்குச் சொல்லியிருக்கணும்."

"தெரியாதாண்ணா எனக்கு? அவரு விதை ஊறவெச்ச டம்ளர்னு தெரியாம நான் அதுல காபி ஊத்திக் குடிச்சேன். மறப்பனா?" என்று சிரித்தார். "மண்ணு உங்குளது, தண்ணி ஊத்துனது நீங்க. வுடுங்க."

விடுங்க என்று அவர் சொன்னார். எப்படி விடுவது?

கத்தியை அவர் கையில் கொடுத்தேன். எந்த இடத்தில் வெட்டுவது என்று கேட்டார். மண்ணுக்குச் சற்றுக் கீழே என்று காட்டினேன். அவர் தேடித் தேடி மெலிந்த தண்டுகளாகவே வெட்டினார். ஏன் என்று கேட்டால், "தடிசா இருக்கறது ஓட்டலுக்கு ஆவுமே" என்றார். கத்தியை வாங்கி, பாத்தியில் நின்ற அத்தனையையும் வெட்டிக் கூடையில் போட்டேன். "ஐயோ, போதும்ண்ணா, போதும்" என்று அவர் தடுத்துக்கொண்டே இருந்தார். உணவகத்துக்காரர் பிறகு போன் செய்தார். இந்த வாரம் இல்லை என்றேன்.

மறுநாள் உங்கள் வீட்டில் இலை போட்டு, உங்கள் படத்துக்கு முன் வடை, பாயசம், சாம்பார் எல்லாம் வைத்தார்கள். அதை எப்படிச் சமைப்பது என்று நான் விளக்கமாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அவர் முருங்கைக்காய் போல நறுக்கிச் சாம்பாரில் கொதிக்கவைத்துவிட்டார். குழைந்துபோயிருந்தது. தனியாக இரண்டு முழுத் தண்டையும் ஆவியில் வேகவைத்து இலை ஓரத்தில் வைத்திருந்தார். மாடியில் காக்கைக்கு வைத்தபோது அது வடையைத் தூக்கியது, தண்டை ஒரு முறை புரட்டிப் பார்த்தது, வைத்துவிட்டுப் பறந்தது. "பாத்தீங்களா? இப்பவும் பொறும இல்ல" என்றார் உங்கள் வீட்டம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் சார். சிரிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்ற யோசனையோடு.

பந்தியில் உங்கள் மைத்துனர், கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை பயிரிடுகிறவர், என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இது உங்க தோட்டத்துதாமே சார்? வீடியோ பாத்தோம். எங்க பக்கம்லாம் மல்லாட்ட தவிர இன்னாத்தைக் கண்டாங்க? பெரிய ஆளு சார் நீங்க."

சரி, இதுதான் சமயம் என்று இலையிலிருந்து கையை எடுத்தேன். எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னேன். விதை வாங்கியது, முளைக்கவைத்தது, கோடு போட்டு நட்டது எல்லாம் நீங்கள்தான், வீடியோவில் நான் சொன்னது தப்பு, இடம் மட்டும்தான் என்னுடையது என்றேன்.

மைத்துனர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அவர், "பாருங்கய்யா," என்று மற்றவர்களிடம் திரும்பினார். "இவரே எல்லாம் பண்ணிட்டு, செத்த மனுசனுக்கு விட்டுக் குடுக்கறாரு. யாருக்கு வரும் இந்த மனசு?" எதிர் வரிசையில் ஒருவர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். நான் மறுக்க மறுக்க அடக்கம் என்றார்கள். உண்மையைச் சொன்னதற்கும் எனக்கே பெயர் வந்தது. பரிமாறிக்கொண்டிருந்த உங்கள் வீட்டம்மா என் இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். அதிலிருந்த தண்டை இலை ஓரம் ஒதுக்கி வைத்தேன்.

வேலூர்ப் பெண்மணியிடம் போனில் சொன்னேன். வீடியோவுக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார். யாரும் அதுவரை இறக்கிப் பார்ப்பதில்லை. தழையை அறுத்தபோது பறித்துவைத்த சிவந்த பழங்கள் இருக்கின்றன, விதை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுத் தருகிறேன், ஓசூரில் வளர்க்கலாம் என்று உங்கள் வீட்டம்மாவிடம் சொன்னேன். "அங்க பால்கனில துணி காயவே எடம் பத்தல ண்ணா" என்று சொல்லிவிட்டார். பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவர், "யாராவது கேட்டா சொல்லுங்கண்ணா" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பஸ் புறப்பட்டுவிட்டது.

அதிலிருந்து என்னிடம் ஒரு பழக்கம் தங்கிவிட்டது. யாராவது தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் 'நான்' என்ற சொல் முதலில் வாய்க்கு வந்துவிடுகிறது. அதை நிறுத்தி, உள்ளே தள்ளி, பிறகுதான் பேச வேண்டியிருக்கிறது. நாளாக நாளாக இந்தத் தடங்கல் போய்விடும் என்று நினைத்தேன். இப்போது அது போகாமல் இருந்தால் தேவலை என்று இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் கிரிவலம் போகிற ஒருவர், தண்ணீர் கேட்க வந்தவர், சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, நுரை மாதிரி! நீங்க வெச்சதா?"

நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வர நேரமாயிற்று. எனக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து சத்தமாக, "சார்! இது நீங்க வெச்சதாங்க?" என்று கேட்டார்.

"இல்லீங்க. எங்க டிராயிங் மாஸ்டர் வெச்சது. வாங்க, காட்டறேன்."

பாத்தி ஓரம் நீங்கள் உட்காருகிற மாதிரியே குந்தி உட்கார்ந்து, கோடு போட்டதையும் வேரைப் பிரித்ததையும் சொன்னேன். முட்டி வலித்தது. அவரும் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். எழுந்திருக்கும்போது, "கைராசிக்காரரு. எங்க இருக்காரு இப்ப?" என்றார்.

அதற்குப் பதில் சொல்லவும் எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.